பெயர்க் கட்டம்

“யாரையும் நம்பாதீங்க” என்று சொல்லிவிட்டு அதையே பலகையிலும் எழுதினாள் சண்முகக்கனி. ஒவ்வொரு தொகுதி மாணவர்களுக்கும் இந்தப் பாடத்தை இப்படித்தான் ஆரம்பிப்பது வழக்கம். இணையப் பக்கத்தில் ஒரு படிவம் வைத்தால் அதை நிரப்பி அனுப்புகிறவன் நல்லவனா கெட்டவனா என்று நமக்குத் தெரியாது, அதனால் வந்து விழுகிற ஒவ்வொரு எழுத்தையும் சந்தேகப்படு, சோதித்துப் பார், சரியாக இருந்தால் உள்ளே விடு, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு. பிஹெச்பி என்ற கணினி மொழி படிக்க வருகிறவர்களுக்கு இது நாலாவது வாரத்துப் பாடம். காளவாசல் பக்கத்து மாடியில் இருக்கும் அந்தக் கணினி மையத்தில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்து அதை அப்படியே குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். முதலில் பொத்தானை அழுத்தினார்களா என்று பார்க்க வேண்டும். அடுத்து டிரிம், முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொண்டு வருகிற வெற்றிடத்தை உதறிவிடும். அடுத்து எம்ப்டி, கட்டம் காலியாக இருக்கிறதா என்று கேட்கும். அதற்கும் அடுத்து, பெயர் பெயராகத்தான் இருக்கிறதா, போன் நம்பருக்குப் பத்து இலக்கம் உண்டா. சொல்லச் சொல்ல அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. “இப்ப நீங்களே ஒரு படிவம் எழுதிப் பாருங்க. பெயர், போன், செய்தி, மூணே கட்டம். பதினொண்ணரைக்குள்ள முடிங்க” என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. செவ்வாய்க்கிழமை. அன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதான். இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று மனசு சொன்னது. எதற்கு இரண்டு நிமிடம், யார் வரப்போகிறார்கள், அப்பாவின் எழுத்து வந்து திரும்பிப் போய் இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாதான் போன் செய்தாள். கோவில்பட்டியிலிருந்து அம்மா தானாகக் கூப்பிடுவதே அதிசயம். அப்பா போனதிலிருந்து பொங்கல், தீபாவளி என்று கனி கூப்பிட்டால் ‘ம்’, ‘சரி’, ‘வைக்கேன்’ என்று மூன்று சொல்லோடு முடித்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு இரண்டாவது வருஷத் திதி. அதற்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, “நான் வியாழக்கிழமையே வந்துரட்டாம்மா?” என்று கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. கேட்காமல் இருந்திருந்தால் தெரியாமலேயே போயிருக்கும். “நீ வராண்டாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். போன வருஷமும் உன்னக் கூப்பிடல. ஏன்னு நீயும் கேக்கல. உங்கப்பா போறதுக்கு மூணு மாசம் முந்தி உன் ஆபீசுக்கு எழுதிப் போட்டாரே, போன்ல. ஏழு தடவ எழுதினேன் ஆவுடத்தாயின்னு எங்கிட்டச் சொன்னாரு. ஏழு தடவ! ஒரு வார்த்தை பதில் போட்டியாட்டி நீ? அந்த மனுசன் போனத் தலமாட்டுல வச்சுக்கிட்டு, சத்தம் வந்தா வந்தா எடுத்துப் பாப்பாரு. கல்லு மாதிரி இருந்துட்டியே” என்றாள். பத்து வருஷத்தில் அம்மா அவளிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. கனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா எழுதினாரா, எங்கே, எதில்? திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் மையத்துக்கு வந்து மின்னஞ்சல் பெட்டியை அடிமுதல் நுனிவரை துழாவினாள். ஒன்றுமில்லை. அப்புறம்தான் அந்தக் கோப்பு ஞாபகத்துக்கு வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் மையத்தின் இணையப் பக்கத்துக்கு ‘எங்களைத் தொடர்புகொள்ள’ என்று ஒரு படிவம் எழுதினாளே, அவள் தானாக எழுதிய முதல் படிவம். அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, திருப்பி அனுப்பப்பட்டவற்றையெல்லாம் வந்த நேரத்தோடு ஓர் உரைக் கோப்பில் சேர்த்துவைக்கும்படி ஒரு வரி போட்டிருந்தாள். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும், மறந்துவிட்டாள். மறந்ததற்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று நேற்றிலிருந்து தெரியவில்லை. கோப்பில் அவள் சோதனைக்கு அடித்த கண்ட கண்ட பெயர்களுக்குக் கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஏழு முறை, சு. பலவேசம்.

அப்பா அரசுப் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். சின்னக் கூண்டு மாதிரி ஓர் அறை, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே எந்நேரமும் நடத்துனர்கள் தாளை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். தாளில் ஒரு கட்டம் தப்பாக இருந்தாலும் வண்டியை எடுக்க விடமாட்டார், திருப்பிக் கொடுத்துவிடுவார். ‘பலவேசம் கையில மாட்டினா பஸ்ஸும் நகராது பல்லியும் நகராது’ என்று நடத்துனர்கள் கேலி பேசுவார்கள். ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது சிவப்புப் பேனாவால் தப்பான இடத்தைச் சுழித்துத்தான் கொடுப்பார். “தப்புன்னு சொல்லத் தெரிஞ்சவனுக்கு எங்க தப்புன்னும் சொல்லத் தெரியணும். இல்லாட்டி அவன் சரியா எழுதினதையும் அடிச்சிருவான்” என்பார். பள்ளிக்கூடம் விட்டு அந்த ஜன்னல் வழியாகப் போகும்போது அவள் காதில் எத்தனை தடவை விழுந்த பேச்சு அது. உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை தமிழில்தான் கையெழுத்து, முன்னெழுத்தும் தமிழில்தான். வங்கியில் ஒருத்தர் ஆங்கிலத்தில் போடச் சொன்னதற்கு, “எங்கப்பன் சுடலைமுத்து, எஸ் இல்ல” என்று சொல்லிவிட்டு வந்தவர். அம்மாவோ அந்தப் பெயரை வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், யாராவது வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டால் பக்கத்தில் நிற்கும் கனியின் தோளைத் தட்டுவாள். கனி சத்தமாகச் சொல்வாள், சு. பலவேசம் என்று. அம்மாவுக்காக அப்பா பேரைச் சொல்வது ஆறு வயதிலிருந்து அவளுடைய வேலை. அந்த வேலையையும் சேர்த்து விட்டுவிட்டுத்தான் இருபத்தாறு வயதில் ஜெபராஜோடு பதிவு அலுவலகத்துக்குப் போனாள். வேறு சாதி, வேறு சாமி. “எனக்கு மகளே பொறக்கலன்னு நெனச்சுக்கிடுதேன்” என்றார் அப்பா. அன்றைக்கு அவருடைய சட்டைப் பையில் அந்தச் சிவப்புப் பேனா இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அவர் முகத்தைவிட அந்தப் பேனாதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

பத்து நாற்பத்திரண்டு. முதல் செய்தி இந்த நிமிடத்தில்தான் வந்தது. நேற்றிலிருந்து எத்தனை தடவை வாசித்தாள் என்று கணக்கில்லை, மனப்பாடமே ஆகிவிட்டது. ‘பாப்பா, நான் அப்பா எழுதுறேன். உங்க சென்டர் பக்கத்தில் உன் படத்தைப் பார்த்தேன். மெலிஞ்சு போயிட்ட. எனக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் காட்டினோம். பெரிசா ஒண்ணும் இல்லைங்கிறாங்க, எனக்கு நம்பிக்கை இல்லை. நீ செஞ்சது தப்புன்னுதான் இன்னமும் நினைக்கிறேன். நான் பேசினதும் தப்பு. உங்கம்மா இன்னும் உனக்கும் சேர்த்து ஒரு பிடி அரிசி கூடப் போட்டுத்தான் உலை வைக்கிறா. ஒரு நாள் வந்துட்டுப் போ. அவரையும் கூட்டிட்டு வா.’ இதற்கு அவளுடைய படிவம் என்ன பதில் சொல்லியிருக்கும்? ‘உங்கள் உள்ளீடு தவறானது. சரிசெய்து மீண்டும் அனுப்பவும்.’ எல்லாப் பிழைக்கும் அந்த ஒரே வாக்கியம்தான். தமிழில் எழுதியிருக்கிறாயே என்று மையத்து நிர்வாகி அவளை மெச்சிக்கூடப் பேசினார். ஆங்கிலத்தில் எழுதித் தொலைத்திருந்தால் அப்பாவுக்கு இவ்வளவு நன்றாகப் புரிந்திருக்காது. இரண்டாவது, பத்து நாற்பத்தேழு. அதில் ‘நீ செஞ்சது தப்பு’ என்ற வரி இல்லை. தவறானது என்றதும் அவருக்கு அந்த வரிதான் தோன்றியிருக்கிறது, மகள் வேலை பார்க்கிற இடத்துப் படிவமாயிற்றே, அதை எப்படி ஏற்கும் என்று. மூன்றாவதில் நெஞ்சு வலி இல்லை. நோயைச் சொல்லி இரக்கம் தேடுவதாக எடுத்துக்கொண்டார்களோ என்று நினைத்திருப்பார். நாலாவது, பதினொன்று மூன்று. ‘ஐயா, தங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் சண்முகக்கனி என்பவரின் தகப்பனார் எழுதிக்கொள்வது. மேற்படி நபரை ஒரு முறை நேரில் காண விரும்புகிறேன். ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ ஆயுள் முழுக்க ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த மனிதர், வெளியே நின்று மனுப் போட்டிருக்கிறார், பெற்ற மகளைப் பார்க்க. ஐந்தாவதில் மறுபடியும் பாப்பா, ‘பாப்பா, ஒரு நாள் வந்துட்டுப் போ.’ ஆறாவதில் வெறும் பாப்பா. ஏழாவது, பதினொன்று முப்பத்தொன்று, செய்திக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. எதை வெட்டினால் உள்ளே விடுவார்கள் என்று ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்து கடைசியில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். பெயரை மட்டும் தொடவில்லை. தப்பு அந்தப் பெயரில் மட்டும்தான் இருந்தது.

அதுவும் தப்பா அது? பெயரில் ஏ முதல் இசட் வரை ஆங்கில எழுத்துதான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி, யாரோ எங்கேயோ எழுதிவைத்த ஒற்றை வரி, எல்லாப் புதியவர்களும் எடுத்து ஒட்டிக்கொள்கிற வரி. அவளும் ஒட்டிக்கொண்டாள். அது போதாதென்று அதில் மூளையை வேறு செலவழித்தாள், நம்ம ஊரில் எல்லோரும் இனிஷியல் போடுவார்களே என்று புள்ளிக்குத் தனியாக இடம் கொடுத்தாள். புள்ளியை நினைத்தவளுக்கு அந்தப் புள்ளிக்கு முன்னால் ‘சு’ என்று போடுகிற ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வரவில்லை. வேலிக்கு வைத்த முள் காலில் தைத்தது என்பார்கள், இது காலிலா தைத்தது. கீழே போன் நம்பர் கட்டத்தில் ஏழு தடவையும் பத்து இலக்கம் பிசகாமல் இருந்தது. அந்த ஒரு கட்டத்தை அவள் பார்த்திருந்தால் போதுமே, அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பாளே, மூன்று மாசம் அவகாசம் இருந்ததே. மையத்துத் தொலைபேசிக்கு அவர் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்னவென்று சொல்வார், யாரோ எடுத்து நீங்கள் யார் என்று கேட்டால்? மகள் நம்பர் தெரியாத அப்பன் என்றா? அப்பா அதைச் செய்யமாட்டார். அவளும் அவர் மகள்தானே, அவர் இருந்தவரை, எட்டு வருஷம், அவளும்தான் கூப்பிடவில்லை. இப்போது அம்மாவுக்கு என்ன சொல்வது? வந்தது, நான்தான் பதில் போடவில்லை என்று பழியை ஏற்றுக்கொண்டால் அம்மா ஆயுசுக்கும் வாசலில் சேர்க்கமாட்டாள், வெள்ளிக்கிழமை அப்பா படத்துக்கு முன்னால் அவள் நிற்க முடியாது. வரவே இல்லை என்றால், ஏன் வரவில்லை என்று கேட்பாள். அப்போது சொல்ல வேண்டும், அவரை உன் மகள் கைப்பட எழுதிய ஒன்று ஏழு தடவை நீ தப்பு, நீ தப்பு என்று சொல்லிக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிற்று என்று. பதில் வரவில்லை என்ற துக்கத்தோடு அம்மா இரண்டு வருஷம் இருந்துவிட்டாள், அதைவிடப் பெரிய துக்கத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பதா? கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டால் அதற்குத் தியாகம் என்று பெயரா, இல்லை பயம் என்றா? பயம்தான். கனி தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ளத் தெரியாதவள்.

“மிஸ், இங்க கொஞ்சம் வாங்களேன்.” மூன்றாவது வரிசையிலிருந்து சகாயமேரி கையைத் தூக்கினாள். கனியைவிடப் பத்து வயது மூத்தவள், தையல் கடை வைத்திருக்கிறாள், ஆன்லைனில் ஆர்டர் எடுக்க வேண்டும் என்று படிக்க வந்தவள். மணி பதினொன்று பதினாலு. ஐந்தாவது, என்று மனசு சொல்லிற்று. “அரை மணி நேரமா மல்லுக்கட்டுறேன் மிஸ். தப்பு தப்புன்னே வருது. போன் நம்பர மாத்திப் பாத்தேன். ரவிக்கை அளவு எழுதியிருந்தேன், அத எடுத்தேன். அப்பறம் எல்லாத்தையும் அழிச்சிட்டு வணக்கம்னு மட்டும் போட்டுப் பாத்தேன், அப்பவும் தப்புங்குது. நான் என்ன தப்பு பண்ணேன்?” திரையில் பெயர்க் கட்டத்தில் அ. சகாயமேரி என்று இருந்தது, தமிழில். பாடக் குறிப்பில் அந்த ஏ முதல் இசட் வரி அப்படியே இருக்கிறது. நேற்று அதைத் திருத்தியிருக்க வேண்டும், திருத்தாமல் இன்றைக்கும் பதினெட்டுப் பேருக்குக் கொடுத்துவிட்டாள். கனி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். “நீங்க ஒரு தப்பும் பண்ணலக்கா” என்றாள். “உங்க பேர்ல ஒரு குத்தமும் இல்ல. நான் குடுத்த வரிதான் தப்பு. எங்க தப்புன்னு அது உங்ககிட்ட சொல்லவும் இல்ல, அது அதவிடப் பெரிய தப்பு.” சகாயமேரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “விடுங்க மிஸ், இதுக்குப் போயி. ஒரு வரிதானே” என்றாள், சின்னப் பிள்ளையைத் தேற்றுகிறாற்போல. ஆமாம், ஒரு வரிதான். கனி எழுந்து போய்ப் பலகையில் பழைய வரியை அடித்தாள். எந்த மொழி எழுத்தானாலும் ஏற்கும்படி புது வரி எழுதினாள். தமிழுக்குக் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியாகத்தான் கணினிக்குள் போகும், அவற்றையும் சேர்த்து அனுமதிக்காவிட்டால் பாதிப் பெயர் வெளியே நிற்கும் என்று சொல்லிக் கொடுத்தாள். பிழைச் செய்தியை மொத்தமாக மேலே போடக் கூடாது, எந்தக் கட்டத்தில் பிழையோ அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே சிவப்பில் போட வேண்டும் என்று எழுதினாள். கீழே மேசையில் சிவப்பு மார்க்கர் கிடந்தது. ‘யாரையும் நம்பாதீங்க’ என்ற வரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். அதை அழிக்கவில்லை, பாடம் பாடம்தான். அதற்குக் கீழே, ‘ஆனால் திருப்பி அனுப்பினால் ஏன் என்று சொல்லுங்கள்’ என்று எழுதிவிட்டு, அப்படியே போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள்.

படியில் வெயில் அடித்தது, கீழே பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கமாட்டாள் என்று நினைத்தபோது அம்மா எடுத்தாள். “வராண்டாம்னு சொன்னேம்லா.” கனி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் சொல்லி முடித்தாள். “அம்மா, அப்பா எழுதினது எனக்கு வரலம்மா. நேத்துதான் பாத்தேன். நான் செஞ்சு வச்ச படிவம் அவர் பேரு தமிழ்ல இருக்குன்னு ஏழு தடவையும் திருப்பி அனுப்பிருச்சு. எது தப்புன்னும் சொல்லல. அவர் பாவம், எழுதினது தப்பாக்கும்னு ஒவ்வொண்ணா எடுத்துட்டு எடுத்துட்டு அனுப்பியிருக்காரு. என்னாலதாம்மா. கல்லு மாதிரி இல்லம்மா, மடச்சி மாதிரி இருந்துட்டேன்.” வைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், வைக்கவில்லை. “ஏழு தடவையா திருப்புச்சு?” என்றாள் அம்மா. “ஆமா.” “எங்கிட்டச் சொல்லவே இல்லயே அந்த மனுசன். எழுதினேன்னு மட்டும்லா சொன்னாரு.” அப்புறம், “என்ன எழுதியிருந்தாரு? வாசி” என்றாள். கனிக்குத் திரை தேவைப்படவில்லை. முதல் செய்தியைச் சொன்னாள். ஒரு பிடி அரிசி வந்ததும் அம்மாவிடமிருந்து ஒரு விம்மல் கேட்டது. “அதயுமா எழுதினாரு? பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு பாரு. ஒரு நாளும் எங்கிட்டக் கேட்டதில்ல.” கனி இரண்டாவதைச் சொன்னாள், மூன்றாவதைச் சொன்னாள். நாலாவதில் ‘மேற்படி நபரை’ என்ற இடத்தில் இரண்டு பேருமே அழுதார்கள். ஐந்து, ஆறு. “ஏழாவது?” “அதுல ஒண்ணுமே எழுதலம்மா. பேரு மட்டும்தான்.”

“அந்தப் பேரத்தான் வாசி” என்றாள் அம்மா.

“சு. பலவேசம்.”

கீழே ஒரு பேருந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “வியாழக்கிழமையே வந்துரு. அவரையும் கூட்டிட்டு வா. உலைக்கு அரிசி போடணும், எத்தன பேருன்னு தெரிஞ்சாத்தான” என்றாள். கனி சரி என்றாள். அப்புறமும் அம்மா போனை வைக்கவில்லை. ரேஷன் கடையில் தோளைத் தட்டுகிற அதே தணிந்த குரலில், “ஏட்டி, அத இன்னொரு தடவ சொல்லு” என்றாள்.

பதினொன்று முப்பத்தொன்று. கனி சொன்னாள், சத்தமாக, கூண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் கேட்கிறாற்போல.